நிந்தவூருக்குப் போன இரும்பு

அருமை மகன்,

நீ சுகமா என்று விசாரித்துத் தொடங்கினால் எனக்கே சிரிப்பு வரும். நேற்று மாலை அசர் தொழுகை வரைக்கும் என் கண் முன்னால்தான் நின்றாய். இன்று விடியலுக்கு முன் சுபஹு தொழுதுவிட்டு வந்து, பட்டறை வாசலில் வாங்குப் பலகையைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உலை ஆறிக் கிடக்கிறது. உன் உம்மா கல்யாணக் களைப்பில் படுத்திருக்கிறாள். கையில் வேலை இல்லாவிட்டால் என் வாய் சும்மா கிடக்காது என்பது உனக்குத் தெரியும். கேட்க நீயும் இல்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. முதல் வார்ப்பு பழுதானபோது பட்டறை வாசலில் நின்று சிரித்த ஊர் இதையும் வாசிக்கட்டும். சிரிக்கத் தெரிந்தவர்களுக்கு வாசிக்கவும் தெரியும்தானே.

வேறு ஊர்களில் கல்யாணம் முடிந்தால் பெண்தான் பிறந்த வீட்டை விட்டு அழுதுகொண்டு போவாளாம். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் துணிப்பெட்டியோடு போய் ஏற வேண்டும். நானும் அப்படித்தான் உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தேன். அதனால் நீ போனதில் எனக்கு மனவருத்தம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்முனையிலிருந்து நிந்தவூர் என்ன கடல் கடந்த தேசமா? சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, பிறகு நிந்தவூர். ஒரு பாட்டுக்குள் போய்விடலாம். நான் பயந்தது நிந்தவூருக்கு அல்ல, கத்தாருக்கு. உனக்கு அங்கே வேலை வந்திருந்தது, விசாவும் வந்திருந்தது, போனால் ஆளாகிவிடலாம் என்று சொல்லாத ஆள் இல்லை. நீ மட்டும், இங்கேயே இருந்து இஞ்சின் புளொக் வார்க்கப் போகிறேன் என்று நின்றாய்.

பெண் பேசப் போன அன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன் மாமா அப்போது எனக்குச் சம்மந்தி ஆகவில்லை, பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற மாஸ்டர்தான். தேத்தண்ணீரை வைத்துவிட்டு மனிதன் நேரே விஷயத்துக்கு வந்தார். கத்தாரா, இங்கேயா என்று கேட்டார். நீ சொன்னாய். அவர் சிரிக்கவில்லை, ஆனால் சொன்னது என் நெஞ்சில் தைத்தது.

"இஞ்ச ஆரு மகன் இஞ்சின் புளொக் வார்க்கிற? உங்கட வாப்பாட பட்டறையில அரிசி ஆலைக்குக் கப்பிதானே வார்க்கிற."

உண்மைதான். அரிசி ஆலைக் கப்பி, தண்ணீர்ப் பம்பின் கூடு, கிணற்றடி இரும்புச் சாமான், இவைதான் நம் வருமானம். அதற்காக ஒரு மனிதனின் பட்டறையை அவன் முகத்துக்கு முன்னால் அளந்து சொல்வதா? நான் எழும்பியிருப்பேன். நீ என் முழங்காலில் கையை வைத்து அழுத்திவிட்டு, முற்றத்து ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த காரைக் காட்டினாய். மாஸ்டரின் பழைய மொரிஸ் மைனர். அந்தக் காருக்கு அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்குரிய மரியாதை. உன் மனைவி ஸஹ்னா பிறந்ததே அதன் பின் ஆசனத்தில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில், காரைதீவுச் சந்தியில், பெயர் தெரியாத ஒரு அம்மா தன் வீட்டுச் சேலையைக் கொண்டு ஓடி வந்து பிள்ளையை ஏந்தினாளாம். அதே சந்தியில்தான் பல வருடம் கழித்து அந்தக் கார் சூடேறி நின்றது. மாஸ்டர் பதற்றத்தில் பக்கத்துக் கிணற்றில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் அள்ளிக் கொதித்த இஞ்சினில் ஊற்றினார். இரும்பு பொறுக்குமா? புளொக் நீளத்துக்கு வெடித்துவிட்டது. கொழும்பு வரை தேடியும் மாற்றுப் புளொக் கிடைக்கவில்லை.

நீ சொன்னாய்: "இந்தக் கார்ர புளொக்க நான் வார்த்துத் தாறன் மாமா. ஓடினா இஞ்சயே இரிக்கிறன். ஓடாட்டி, கல்யாணம் முடிஞ்ச கையோட கத்தாருக்குப் போறன்."

திரும்பி வரும் வழியெல்லாம் உன்னை ஏசிக்கொண்டு வந்தேன். உனக்கு யார் இந்த நாக்கைத் தந்தது என்று கேட்டேன். நீ மெதுவாக, நீங்கள்தான் வாப்பா என்றாய்.

ஒரு புளொக் என்றால் என்ன என்று இதை வாசிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும். காரின் பொனட்டைத் திறந்தால் தெரியும் இஞ்சினில், மற்றதெல்லாம் பூட்டப்பட்டிருக்கும் பெரிய இரும்புக் கட்டிதான் அது. பார்வைக்குக் கட்டி, உள்ளே முழுக்க அறைகளும் வழிகளும். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடைவெளி, எண்ணெய் போகும் மெல்லிய பாதை. இவையெல்லாம் பிறகு குடைந்தெடுப்பவை அல்ல. பெரும்பகுதி வார்க்கும்போதே உள்ளே அமைந்து வர வேண்டும். சுவர் சில இடங்களில் நம் சின்ன விரல் கனம்கூட இல்லை. கப்பி வார்த்த கைக்கு இது எட்டுமா என்ற கேள்வி மாஸ்டருக்கு மட்டும் இருந்தது என்று நினைக்காதே. எனக்கும் இருந்தது. உன்னிடம் காட்டவில்லை.

அதனால்தான் நான் அலுமினியத்தில் வார்ப்போம் என்று ஒற்றைக் காலில் நின்றேன். இந்தக் காலத்துக் கார்களில் பாதிக்கு மேல் அதுதானே. இரும்பின் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு, சூட்டைக் கெதியாக வெளியே விடும், இரும்பு உருகும் சூட்டில் பாதியிலேயே தண்ணீராகிவிடும். நீ கோயம்புத்தூரில் பயிற்சிக்கு இருந்தபோது பார்த்ததை எனக்குச் சொன்னாய். பெரிய தொழிற்சாலைகளில் அலுமினியத்தை உருக்கி, உருக்கு அச்சுக்குள் பலமான அழுத்தத்தில் அடித்துத் தள்ளுவார்களாம். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் ஒரு புளொக் வெளியே வந்துவிடுமாம். அப்படியென்றால் நமக்கும் அது சுகம்தானே என்றேன். நீ பழைய அலுமினியப் பிஸ்டன் ஒன்றையும் உடைந்த புளொக்கின் துண்டொன்றையும் எடுத்து, இரண்டையும் சுத்தியலால் தட்டினாய். அலுமினியம் கிணுகிணு என்று அடங்காமல் பாடியது. இரும்பு ஒரு தரம் தொம் என்றுவிட்டுப் பேசாமல் இருந்தது. வார்ப்பிரும்புக்குள் மெல்லிய கரித் தகடுகள் கலந்திருக்கின்றன, அதிர்வை அவை விழுங்கிக்கொள்ளும், பிஸ்டன் வளையம் உரசும்போது வழுக்கலும் கொடுக்கும் என்றாய். அலுமினியம் மென்மை. பிஸ்டன் உரசி உரசித் தேய்த்துவிடும், அதனால் உள்ளே இரும்பு உறை போட வேண்டும். இந்தக் காருக்கு வரைந்த சுவர் இரும்புக்கு வரைந்த சுவர், அதே கனத்தில் அலுமினியம் நின்று பிடிக்காது. உருக்கு இன்னும் பலம், ஆனால் அது மெல்லிய வழிகளில் நன்றாக ஓடிப் போகாது, ஆறும்போது அதிகம் சுருங்கும், வார்ப்பவனை அழ வைக்கும். மெக்னீசியம் அலுமினியத்தையும் விடப் பாரம் குறைவு, ஆனால் நம் கடற்காற்றிலும் உப்புத் தண்ணீரிலும் வெகு கெதியாக அரித்துப் போகும். புதிய டீசல் இஞ்சின்களுக்கு, கரியைத் தகடாக விடாமல் புழுப்போல உருட்டி எடுத்த ஒரு பலமான வார்ப்பிரும்பு இருக்கிறதாம், அது நம் உலைக்கு இன்னும் எட்டாது. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் நீ சொன்னதுதான் எனக்கு விளங்கியது: மாஸ்டரின் கிணறு உவர்க் கிணறு, காருக்கு ஊற்றுகிற அந்தத் தண்ணீர் அலுமினியத்தை மென்று தின்றுவிடும்.

சரி, இரும்பு என்றானது. காரைதீவிலிருந்து தச்சர் தங்கராசா அண்ணன் வந்து, பழைய புளொக்கை அளந்து, மண்ணில் பதிப்பதற்கு மரத்தில் அச்சுருவம் செய்தார். ஆறும்போது இரும்பு சுருங்கும் என்பதால் எல்லா அளவும் ஒரு முடி அதிகம். உள்ளே வெறுமையாக இருக்க வேண்டிய இடங்களுக்கு மண்ணைப் பிசைந்து கட்டியாக்கிச் சுட்டு வைக்க வேண்டும். பட்டறையில் அதைக் கோர் என்போம். மணலோடு எண்ணெயும் கோதுமை மாவும் சீனிப்பாணியும் சேர்த்துப் பிசைந்தாய். சுடுவதற்கு நமக்கேது அடுப்பு? சந்திப் பேக்கரிக்காரர் காலைப் பாண் இறக்கிய பிறகு போறணை அடுப்பைத் தந்தார். சிலிண்டர் கோர்கள் அங்கே வரிசையாகப் பொன்னிறமாக வெந்து நின்றதைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை விலை கேட்டதாம். கட்டெறும்பு மொய்க்காமல் காவல் இருந்தது நான்.

இனி மண் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நீ சொல்லிவிடுவாய், அதனால் நானே சொல்கிறேன். கல்யாண முற்றத்தில் பரப்புவதற்கு ஒரு லோட் வெள்ளைக் கடல் மணல் வந்து கொட்டிக் கிடந்தது. நீ ஆற்று மணல் எடுக்கக் கரையை விட்டு உள்ளுக்குப் போக வேண்டும் என்றாய். நான் விடவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் போடுகிற மண், நோன்புப் பெருநாளுக்கு வீட்டு வாசலில் போடுகிற மண், இதைவிடச் சுத்தமான மண் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நீ உப்பை மட்டும் யோசித்தாய். நல்ல தண்ணீரில் அலசி அலசிக் காய வைத்தோம், நக்கிப் பார்த்தேன், உப்பில்லை. இருவருக்கும் திருப்தி. அந்த மண்ணில் கோர் செய்தோம், வார்த்தோம். இரும்பு உள்ளே போன கையோடு அச்சு பொங்கியது, கக்கியது. ஆறிய பின் உடைத்துப் பார்த்தால் புளொக் இல்லை, இடியாப்பத் தட்டு. ஓட்டை ஓட்டையாக.

செய்தி நமக்கு முன்னால் நிந்தவூர் போய்விட்டது. மாஸ்டர் பஸ்ஸில் வந்தார். அந்த ஓட்டை இரும்பைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். உன் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். அன்று மத்தியானம் நீ போனை எடுத்து, கத்தாருக்கு என்ன பதில் எழுதலாம் என்று உன் உம்மாவிடம் கேட்டாய். அவள் என்னைப் பார்த்தாள். எழுபதை நெருங்குகிற மனிதன், பிடிவாதத்தில் ஒரு லோட் மண்ணால் பிள்ளையை நாடு கடத்திவிட்டேனே என்று நினைத்தேன். சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பழுதான புளொக்கை உலைக்காக உடைக்கத் தொடங்கினேன்.

உடைந்த ஓட்டைகளுக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நீ வந்து குந்தி, அதை நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாய். உன் முகம் மாறியது இன்னும் எனக்கு முன்னால் நிற்கிறது.

"வாப்பா, சுடுது. இது சுண்ணாம்பு."

கடல் மணல் என்றால் பாதி நொறுங்கிய சிப்பி. சிப்பியைச் சுட்டால் சுண்ணாம்பு என்பது இந்தக் கரையில் வெற்றிலை போடுகிற எல்லோருக்கும் தெரியும். நான் காலையில் எழும்பியதும் தடவுவதே அதைத்தான். சுடும்போது சிப்பியிலிருந்து காற்றுக் கிளம்பும், இரும்பின் சூட்டில் அது வெளியேற வழியில்லாமல் இரும்புக்குள்ளேயே குமிழாகி நின்றிருக்கிறது. தெரிந்த இரண்டு விஷயத்தை ஒன்றாக வைத்துப் பார்க்க நம் இருவருக்கும் ஒரு பழுதான வார்ப்பு தேவைப்பட்டது. உன் உம்மா அன்றுதான் சிரித்தாள். "இஞ்சருங்க, இனி சுண்ணாம்புக்குக் கடைக்குப் போகத் தேவல்ல" என்றாள். நீ போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டாய். அடுத்த நாளே ஆற்று மணல் வந்தது.

இரண்டாவது வார்ப்பை நான் மௌத்தாகும் வரை மறக்க மாட்டேன். பழைய பிரேக் ட்ரம்களும், முதல் புளொக்கின் துண்டுகளும், மாஸ்டரின் வெடித்த புளொக்குமே உலைக்குள் போயின. பழைய எண்ணெயில் எரிகிற உலை உறுமியது. சூட்டை அளக்க நீ கருவி பிடித்தாய், நான் நிறத்தைப் பார்த்தேன். கருவியும் சரி என்றது, என் கண்ணும் சரி என்றது. ஊற்றுவதற்கு முன் நீ சிலிக்கன் தூளைத் தூவினாய், இல்லாவிட்டால் மெல்லிய சுவர்கள் வெள்ளை இரும்பாகிக் கண்ணாடிபோல உடையும் என்றாய். பிஸ்மில்லாஹ் சொல்லி, நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்துச் சாய்த்தோம். வார்ப்பில் தயங்கக் கூடாது. பாதியில் நிறுத்தினால் முன்னே போன இரும்பும் பின்னே போன இரும்பும் ஒன்றோடொன்று சேராது, நடுவில் கோடு விழும். நாம் நிறுத்தவில்லை. அச்சு பொங்கவில்லை. மூச்சுத் துவாரங்களில் நீல நெருப்பு அமைதியாக எரிந்தது. என் தொழிலில் நான் கண்ட ஆக அழகான நெருப்பு அதுதான் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு உடனே உடைத்துப் பார்க்க வேண்டும். நீ விடவில்லை. மண்ணுக்குள்ளேயே ஆறட்டும், அவசரப்பட்டால் ஒரு பக்கம் ஆறி ஒரு பக்கம் ஆறாமல் உள்ளுக்குள் இழுபறி நிற்கும், வெளியே தெரியாது, என்றோ ஒரு நாள் ஓடும்போது வெடிக்கும் என்றாய். இந்த ஒன்றை மட்டும் நிந்தவூர் வீட்டுக்கும் கொண்டு போ, மகன். இரண்டு பேரும் கோபத்தில் இருக்கும்போது அச்சை உடைக்காதே. ஆறட்டும். நான் இதை உனக்குச் சொல்லித்தந்ததாக நினைக்காதே, உன்னிடம் கேட்டதைத்தான் உனக்கே திருப்பித் தருகிறேன். என்னைப் பற்றி உன் உம்மாவிடம் கேட்டால், இந்தப் பாடம் எவ்வளவு பிந்தி வந்தது என்று சொல்லுவாள்.

ஆறிய பின் அச்சை உடைத்தோம். தட்டினேன். தொம் என்றது. தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்தோம், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. சிலிண்டரைக் குடைந்து முடித்ததும் நான் கண்ணாடிபோல மினுக்கப் போனேன். நீ தடுத்து, கல்லால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டாய், அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும் என்றாய். முன்பே பட்டறைக்கு இழுத்து வந்திருந்த மாஸ்டரின் காரில் இஞ்சின் பூட்டி முதல் முறை சாவியைத் திருப்பியபோது அது இருமியது, துப்பியது, பிறகு சரியாகப் பிடித்துக்கொண்டது. நான் காருக்குப் பின்னால் போய் நின்றேன். புகை கண்ணுக்குள் போய்விட்டது என்று சொன்னேனே, அதை நீ நம்பியிருக்க மாட்டாய்.

பட்டறையில் ஓடுவது வேறு, ஊர் பார்க்க ஓடுவது வேறு. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வேறு கார் பிடிப்போம் என்று உறவு முழுக்கச் சொன்னது. நீ ஸஹ்னாவுக்குப் போன் பண்ணிக் கேட்டாய். அவள் சொன்ன பதிலை நீ என்னிடம் சொன்னபோதுதான் இந்தப் பெண் நம் பட்டறைக்கு ஏற்றவள் என்று எனக்குப் பட்டது.

"ஓடாட்டித் தள்ளிக்கிட்டாவது அதுலயே வாங்க."

நேற்று நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? சொல்வேன். நீ முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் பின்னால் வந்த வான் வண்டியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். சாய்ந்தமருதில் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். காரைதீவுச் சந்தி வந்ததும் நான் முன் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். நல்ல வெயில். முன்னால் மாட்டுப் பட்டி ஒன்று வீதியைக் கடந்தது, கார் நின்றது, நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது. தங்கராசா அண்ணன் தன் வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்கினார். பொனட்டிலிருந்து ஆவி வரவில்லை. கார் அசைந்து, கியர் மாறி, நிந்தவூர்ப் பக்கம் திரும்பியது. அந்த வானுக்குள் நான் சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன், எல்லோரும் சொன்னார்கள்.

வாசலில் மாஸ்டர் நின்றார். மாப்பிள்ளையைக் கைபிடித்து இறக்க வேண்டிய மனிதன், உன்னை அப்படியே விட்டுவிட்டு முதலில் பொனட்டைத் திறந்தார். புளொக்கின் பக்கவாட்டில், அச்சுருவத்திலேயே நீ செதுக்கச் சொல்லியிருந்த எழுத்துகள் இரும்பில் புடைத்து நின்றன. நம் பட்டறைப் பெயராக்கும் என்று அச்சை உடைக்கும் வரை நான் நினைத்திருந்தேன். நீ ஊர்ப் பெயரைப் போட்டிருந்தாய். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல எழுத்துக் கூட்டி வாசித்தார்: கல்முனை. பிறகு ஊர் முழுக்க வந்து எட்டிப் பார்த்தது. சஹன் தட்டுகளில் சோறு ஆறிக்கொண்டிருந்தது, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டும் ஆண்கள் பொனட்டை விட்டு நகரவில்லை. அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒருவர் என் கையைப் பிடித்துத் தன் பழைய வானுக்கும் ஒன்று வேண்டும் என்றார். அத்தனை பேர் நடுவிலும் மாஸ்டர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"சம்மந்தி, கத்தாருக்குச் சொல்லிருங்க. ஆள் இல்லண்டு."

மகன், என் காலத்தில் எனக்கு இதைவிடப் பெரிய பட்டம் யாரும் தரவில்லை.

வெளிச்சம் வந்துவிட்டது, உன் உம்மா எழும்பிவிட்டாள். அந்த மிச்ச வெள்ளை மணலைக் கல்யாணக் காலையில் காரைச் சுற்றி முற்றம் முழுக்கப் பரப்பினோமே, அது எதற்கு நல்லதோ அதற்குப் போய்ச் சேர்ந்தது. அதில் நீ ஓட்டிக்கொண்டு போன காரின் தடம், வாசலைத் தாண்டி வீதிவரை, அழியாமல் கிடக்கிறது. கூட்ட வந்த பிள்ளையை உன் உம்மா கூட்ட விடவில்லை. நானும் வாங்கைத் தூக்கிக்கொண்டு ஓரத்தால்தான் நடக்கிறேன். விருந்தெல்லாம் முடிந்து, அடுத்த வெள்ளிக்கிழமை கழிய, ஸஹ்னாவையும் கூட்டிக்கொண்டு அந்தக் காரிலேயே வா. அக்கரைப்பற்றுக்காரருக்கு வார்க்க வேண்டும், உலையை நான் மூட்டி வைத்திருப்பேன், மண்ணை மட்டும் நீ பார்த்துக்கொள். போன தடம் ஒன்றுதான் இப்போது முற்றத்தில் இருக்கிறது. வந்த தடத்தையும் பக்கத்திலேயே நீ போட்ட பிறகு கூட்டலாம் என்று உம்மா சொல்லியிருக்கிறாள்.

உன் வாப்பா